மறைத்துச் செல்லும் கடமை: பைத் துப்பாக்கியின் உறையும் அதன் உரிமமும்

உரிமம் பெற்ற கைத்துப்பாக்கியைப் பொது இடத்திற்கு எடுத்துச் செல்பவர், அதை அதற்கென அமைந்த உறையிலிட்டு உடலோடு இணைத்திருக்க வேண்டும். அல்லது தோளில் மாட்டும் பை போன்ற ஒன்றினுள் வைத்திருக்க வேண்டும். எப்படி எடுத்துச் சென்றாலும் அது முழுவதும் மூடப்பட்டும் அவருடைய கட்டுப்பாட்டிலும் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்வது இது. பொது இடத்தில் துப்பாக்கியைச் சுழற்றிக் காட்டுவதையும் வெடிப்பதையும் அதே விதிகள் தடை செய்கின்றன. அமெரிக்காவின் பல மாநிலங்களில் ஆயுதத்தை வெளித்தெரிய அணிவதா, மறைத்து அணிவதா என்பது அவரவர் விருப்பம். இந்தியச் சட்டத்தில் அந்த விருப்பத்திற்கு இடமில்லை. மறைத்துச் செல்வது இங்கே கடமை.

ஆகவே, கால்சட்டைப் பைக்குள் அடங்கும் சிறு துப்பாக்கிக்கு எந்த உறை பொருத்தமானது என்ற கேள்வி, ஆயுத ஆர்வலர்களின் பொழுதுபோக்குக் கேள்வியாக மட்டும் நின்றுவிடுவதில்லை. கொலை மிரட்டலுக்கு ஆளான ஊராட்சித் தலைவர், வன்கொடுமை வழக்கின் சாட்சி, அவ்வழக்கை நடத்தும் வழக்குரைஞர், கட்சிப் பொறுப்பாளர் ஆகியோரில் சிலர் உரிமம் வைத்திருக்கிறார்கள்; சிலர் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார்கள். இவர்களுக்கு உறை என்பது உயிரையும் உரிமத்தையும் சேர்த்துக் காக்க வேண்டிய பொருள். இன்னொரு தரப்பினரும் இதை அறிந்திருக்க வேண்டும்: ஆதிக்கச் சாதிக்காரரின் இடுப்பில் துருத்தித் தெரியும் துப்பாக்கியை அன்றாடம் பார்த்து ஒதுங்கிப் போகும் மக்கள். அப்படித் தெரிய வைப்பதே விதிமீறல் என்பது அவர்களில் பெரும்பாலோருக்குச் சொல்லப்படுவதில்லை.

அண்ணனூர் போன்ற ஊரில் துப்பாக்கி என்பது அந்நியமான பொருள் அன்று. பக்கத்தில் ஆவடி. அங்கே பீரங்கி வண்டி செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலை இருக்கிறது. படைவீரர்களின் உடைகளைத் தைக்கும் தொழிற்சாலை இருக்கிறது. மத்திய ரிசர்வ் காவல் படையும் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையும் இருக்கின்றன. சீருடையும் ஆயுதமும் தெருவில் நடக்கும் பகுதி இது. ஆனால் அவை அரசின் ஆயுதங்கள். அவற்றைத் தாங்கும் பணியில் தலித் இளைஞர்கள் ஏராளமாக இருந்தாலும், பணி முடிந்ததும் அவை கிடங்குக்குத் திரும்பிவிடும். தனிமனிதர் தம் உயிர்க்காப்புக்காகக் கேட்கும் ஆயுதத்தின் கதை வேறு.

எந்தத் துப்பாக்கி, எவ்வளவு எடை

உறையைத் தேர்வதற்கு முன் உறைக்குள் இருக்கப் போவது எது என்பது தெளிவாக வேண்டும். காவல்துறையும் ராணுவமும் பயன்படுத்தும் 9 மி.மீ. வகை, சாதாரணக் குடிமக்களின் உரிமத்தில் வராது; அது தடை செய்யப்பட்ட வகை. கைத்துப்பாக்கி இறக்குமதியும் 1980களிலிருந்து பொதுமக்களுக்கு அடைபட்டுக் கிடக்கிறது. எனவே உரிமம் பெறும் ஒருவரின் கைக்கு வழக்கமாக வந்து சேர்வது, அரசுப் படைக்கலத் தொழிற்சாலைகளில் உருவான 0.32 அங்குல பிஸ்டலோ ரிவால்வரோதான். அண்மை ஆண்டுகளில் தனியார் நிறுவனங்களும் களத்தில் இறங்கியுள்ளன. 2014இல் கான்பூர் தொழிற்சாலை, பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தி ‘நிர்பீக்’ என்ற 0.32 ரிவால்வரை வெளியிட்டது. எடை சுமார் 500 கிராம். விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இந்த விலையைப் பார்த்தாலே, யாருடைய பாதுகாப்பை மனத்தில் வைத்து அது செய்யப்பட்டது என்பது விளங்கிவிடும்.

பைக்குள் வைப்பதற்கு ரிவால்வரைவிடத் தட்டையான பிஸ்டல் ஏற்றது. ரிவால்வரின் உருளை வயிறு எந்த உறையிலிட்டாலும் வெளியே புடைக்கும். அதன் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், எடுக்கும்போது துணியில் சிக்கும். ரிவால்வர்தான் கையில் இருக்கிறது என்றால், சுத்தியலையும் மூடும் வகையில் மேற்புறம் உயர்ந்த உறை வேண்டும்.

இணையக் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான பாக்கெட் உறைகள் இங்கே விற்கப்படாத அயல்நாட்டுத் துப்பாக்கிகளின் அளவுக்கு வார்க்கப்பட்டவை. “எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று விற்கப்படுபவையோ எதற்கும் சரியாகப் பொருந்தாதவை. தளர்ந்த உறைக்குள் துப்பாக்கி சாய்ந்து திரும்பும். இறுகிய உறையோ எடுக்கும்போது துப்பாக்கியோடு சேர்ந்து வெளியே வரும். எனவே குறிப்பிட்ட அந்த ஒரு மாதிரிக்கென்றே செய்த உறை வேண்டும். ஆயுதக் கடையில் அது கிடைக்காவிட்டால் தைத்துக்கொள்வதே வழி.

அப்படித் தைக்கக் கொடுக்கும்போது துப்பாக்கியைத் தொழிலாளியிடம் ஒப்படைத்துவிட்டு வரக் கூடாது. உரிமம் இல்லாதவர் கையில் அதைக் கொடுப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே சிக்குவார்கள். வாங்கியவர் ஏழைத் தோல் தொழிலாளியாக இருந்தால் முதலில் சிக்குபவர் அவரே. வீட்டில், தோட்டாக்களை முழுவதும் நீக்கி, இரண்டு முறை சரிபார்த்தபின், அட்டையில் அதன் வடிவத்தை வரைந்துகொள்ளலாம். தடிமனை அளந்து குறிக்கலாம். அந்த அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி அதைக் கொடுத்தால் போதும். ஈரத் தோலை அக்கட்டையின் மேல் இழுத்துக் கட்டி உலரவிட்டால் தோல் அந்த வடிவத்திலேயே இறுகும். நல்ல உறைகள் செய்யப்படும் முறையும் இதுதான்.

உறை செய்ய வேண்டிய வேலைகள்

முதல் வேலை, விசையை மூடுவது. மற்ற எல்லாவற்றிலும் சமரசம் செய்யலாம், இதில் முடியாது. விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் உறை முழுமையாக மறைக்க வேண்டும். மறைக்கும் பொருள் விறைப்பானதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய துணி உறை விசையைக் கண்ணிலிருந்து மறைக்கும், விரலிலிருந்து மறைக்காது. காலை எட்டு மணிக்கு அண்ணனூர் நிலையத்தில் சென்ட்ரல் செல்லும் மின்தொடர் வண்டியில் ஏறியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அடுத்தவரின் முழங்கை, பையின் விளிம்பு, சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூலை என ஏதாவது ஒன்று தொடையில் அழுத்திக்கொண்டே இருக்கும். துணி உறைக்கு வெளியிலிருந்து வரும் அழுத்தம் விசையை நகர்த்தினால், தோட்டா பாய்வது வைத்திருப்பவரின் தொடையிலோ பாதத்திலோ அருகில் நிற்கும் குழந்தையின் மேலோதான். தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இதே காரணத்தால் அந்தப் பையில் வேறெதுவும் இருக்கக் கூடாது. சாவிக்கொத்து, சில்லறை, பேனா, கைபேசி எல்லாவற்றையும் மறுபக்கப் பைக்கு மாற்றிவிட வேண்டும். சாவி ஒன்று உறையின் வாய்க்குள் நழுவி விசை வளையத்தில் நுழைவது நடக்கக்கூடிய விபத்து. உறையே இல்லாமல் வெறும் துப்பாக்கியைப் பைக்குள் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது அறியாமையா வீம்பா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும்.

அடுத்த வேலை, துப்பாக்கியை ஒரே நிலையில் நிறுத்துவது. குழல் கீழ்நோக்கியும் பிடி மேல்நோக்கியும், கை நுழைந்ததும் பிடியைத் தேடாமல் தொடும்படியும் அது நிற்க வேண்டும். உறையின் அடிப்பகுதி பையின் அடியகலத்தை நிரப்புமாறு சற்று அகன்றிருந்தால் இது கைகூடும்.

எடுக்கும்போது உறை பைக்குள்ளேயே தங்கிவிட வேண்டும். இதற்காக வெளிப்புறத்தில் சொரசொரப்பான தோலையோ ரப்பர் போன்ற பிடிமானமுள்ள பரப்பையோ வைப்பார்கள். ஓரத்தில் பைத்துணியில் மாட்டிக்கொள்ளும் ஒரு கொக்கி வளைவும் அமைப்பார்கள். உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. தோட்டாவின்றி, யாரும் இல்லாத அறையில், சுவரை நோக்கி நின்று இருபது முப்பது முறை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை உறையும் சேர்ந்து வந்தாலும் அந்த உறை வேண்டாம். அதேபோல, வெறுமையாக்கிய துப்பாக்கியை உறையிலிட்டு மெத்தையின் மேல் தலைகீழாகப் பிடித்தால் அது நழுவி விழவும் கூடாது.

கடைசியாக, வடிவத்தை மறைப்பது. உறையின் வெளிப்பக்கத்தில் சதுரமான தட்டைத் தோல் ஒன்றைச் சேர்த்துத் தைத்தால், வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பணப்பையோ கைபேசியோ இருப்பதுபோலத் தோன்றும். சட்டம் கேட்பது முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதையே. வடிவமே தெரியாமல் இருக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவரின் பையில் துப்பாக்கி இருப்பது தெரிந்தால், பறிக்க நினைப்பவருக்கும் அது தெரியும். மிரட்டலுக்கு ஆளானவரைக் கண்காணிப்பவர்கள் முதலில் அறிய விரும்புவதும் அதுவே.

தோலும் வியர்வையும்

மூன்று வகைப் பொருட்கள் புழக்கத்தில் உள்ளன: தோல், நைலான் துணி, கைடெக்ஸ் எனப்படும் வார்ப்பு நெகிழி. நைலான் மலிவு, ஆனால் விறைப்பில்லை, நாளடைவில் வாய் தொய்ந்துவிடும். கைடெக்ஸ் விசையை மிக நன்றாக மூடும், வியர்வையை உறிஞ்சாது. ஆனால் நம் மெல்லிய பருத்திக் கால்சட்டையில் அதன் விளிம்புகள் அப்பட்டமாகத் தெரியும், எடுக்கும்போது ஓசையும் எழும். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், பைக்குள் வைப்பதற்கு நன்கு இறுகிய தோலே மேல் என்பது என் கருத்து. இடுப்பில் அணிவதானால் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

தோலிலும் வேறுபாடு உண்டு. ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் பெருமளவு உருவாவது குரோமியம் உப்பில் பதனிட்ட தோல். காலணிக்கும் கைப்பைக்கும் ஏற்றது; மென்மையானது. உறைக்கு அந்த மென்மை ஆகாது. ஈரத்தோடு சேரும்போது அதில் மிஞ்சியுள்ள உப்பு உலோகத்தை அரிக்கவும் கூடும். தாவரப் பட்டைகளில் பதனிட்ட தோல் விறைப்பானது, வார்த்த வடிவத்தை விடாது. ஆவாரம்பட்டையில் தோல் பதனிடுவது தமிழகத்தின் பழைய தொழில். ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் உலகச் சந்தையில் அறியப்பட்ட அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் இத்தொழில் நடந்துவந்தது. தோலைத் தொட்டவரைத் தீண்டத்தகாதவர் என்று ஊருக்கு வெளியே நிறுத்திய சமூகம், அவர் பதனிட்டுத் தைத்த உறையை மட்டும் இடுப்பில் பெருமையாகக் கட்டிக்கொண்டது. வாளுறையிலிருந்து துப்பாக்கி உறை வரை இந்தக் கதை ஒன்றுதான்.

சென்னையின் புழுக்கத்தில் தோலுறைக்கு ஒரு குறை உண்டு. தொடையின் வியர்வையை அது குடித்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் இரவு முழுவதும் உறையிலேயே விட்ட துப்பாக்கியில் காலையில் துருப்புள்ளி தெரியும். வீடு திரும்பியதும் துப்பாக்கியைத் தனியே எடுத்து, துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசிப் பூட்டி வைப்பதும், உறையை நிழலில் காற்றாட விடுவதும் அன்றாட வேலை. பூட்டி வைப்பதைச் சட்டமும் கட்டளையிடுகிறது. குடிசை மாற்று வாரிய அடுக்ககத்தின் ஒற்றை அறையில், தலையணைக்கு அடியில் என்பதெல்லாம் குழந்தைகள் உள்ள வீட்டில் நினைக்கவே கூடாத ஏற்பாடு. சுவரில் பதித்த சிறிய இரும்புப் பெட்டிக்கு இடமும் பணமும் இல்லை என்றால் துப்பாக்கிக்கும் இடமில்லை என்றே கொள்ள வேண்டும்.

உடைக்குள் எங்கே

நம்முடைய உடைகள் பாக்கெட் உறையை எண்ணித் தைக்கப்பட்டவை அல்ல. கட்சிப் பொறுப்பாளர்களின் வழக்கமான வெள்ளை வேட்டிக்குப் பையே கிடையாது. உள்ளே அணியும் அரைக்கால்சட்டையின் பை ஆழமாக இருந்தாலும், வேட்டியை விலக்கிக் கையை நுழைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளைச் சட்டையின் மார்புப் பை மெல்லியது. குனிந்தால் துப்பாக்கி தரையில் கிடக்கும். இறுக்கமான ஜீன்ஸில் உறையின் வடிவம் அச்சாகத் தெரியும், பிடியைப் பற்றிய கை வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். தளர்வாகத் தைத்த பருத்திக் கால்சட்டையின் முன்பை ஒன்றே ஏற்றது. பையின் துணியை இரட்டையாகப் போடச் சொல்லி, மூடிய கை நுழைந்து வெளிவரும் அளவுக்கு வாயை அகலமாக்கச் சொல்லித் தைத்துக்கொள்ள வேண்டும். அரைக் கிலோ எடை ஒரு பக்கம் இழுப்பதால் இடுப்புப்பட்டை உறுதியாக இருக்க வேண்டும். பின்பை எந்த நிலையிலும் ஆகாது. உட்கார்ந்தால் எட்டாது, பறிப்பது எளிது.

பெண்களுக்கு நிலைமை இன்னும் கடினம். சேலைக்குப் பையில்லை, கடையில் வாங்கும் சுடிதாருக்கும் பெரும்பாலும் இல்லை. தோள்பையை விதி அனுமதித்தாலும், தோள்பையும் சங்கிலியும் பறிபோகும் தெருக்களில் துப்பாக்கி உள்ள பையும் பறிபோகலாம். அப்படிப் பறிபோனால் உடனே காவல் நிலையத்தில் தெரிவிப்பது கட்டாயம். அதன்பின் உரிமம் நீடிப்பது அரிது. குர்தாவின் பக்கத் தையலில் ஆழமான பை வைத்துத் தைத்துக்கொள்வதே மேல். தோள்பைதான் என்றால், குறுக்காக அணியும் பையில், துப்பாக்கிக்கென்று தனி அறையும் அதற்குள் விசையை மூடும் உறையும் இருந்தாக வேண்டும்.

துப்பாக்கியை உறையில் இடும் முறையையும் சொல்லிவிட வேண்டும். உறை பைக்குள் இருக்கும்போது அதனுள் துப்பாக்கியைச் செருகக் கூடாது. உறையை வெளியே எடுத்து, கண்ணால் பார்த்தபடி துப்பாக்கியை அதில் பொருத்தி, பின்பு இரண்டையும் சேர்த்துப் பைக்குள் இறக்க வேண்டும். பழைய வடிவமைப்பிலான பிஸ்டல்கள் பலவற்றில், கீழே விழுந்தால் ஊசி தானே முன்னேறி வெடிப்பதைத் தடுக்கும் உள்தடுப்பு கிடையாது. அவற்றைக் குழலறையில் தோட்டா இல்லாமல் வைப்பதே பாதுகாப்பு. புதிய விதிகளின்படி உரிமத்திற்கு முன் பெற வேண்டிய பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழை வெறும் தாளாகக் கருதாமல், அந்தப் பயிற்சியில் இதையெல்லாம் கேட்டுப் பழக வேண்டும்.

உறையால் முடியாதவை

இவ்வளவையும் சரியாகச் செய்தவருக்கும் பாக்கெட் துப்பாக்கி எவ்வளவு உதவும்? நின்றுகொண்டிருக்கும்போது கையைப் பைக்குள் வைத்தபடி நடக்க முடிகிற ஒரே முறை இது என்பது இதன் சிறப்பு. உட்கார்ந்துவிட்டால் அந்தச் சிறப்பு போய்விடும். ஆட்டோவின் இருக்கையில், காரின் வார்ப்பட்டைக்குள், இருசக்கர வாகனத்தில் வலக்கை முறுக்கியில் இருக்கும்போது, முன்பையிலிருந்து எதையும் விரைவாக எடுக்க இயலாது.

தமிழகத்தில் சாதிக் கொலைகளின் வடிவத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தாக்க வந்த நிலவுடைமைக் கூட்டத்திடம் துப்பாக்கிகள் இருந்தன. 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் பேருந்தில் வந்துகொண்டிருந்தபோது அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டனர். நெரிசலான பேருந்து, கைநீட்டும் தொலைவில் பலர், சில நொடிகள் என்பதே இக்கொலைகளின் கணக்கு. அந்தக் கணக்கில் பைக்குள் உள்ள உறை எவ்வளவு நன்றாகத் தைக்கப்பட்டிருந்தாலும் அதன் பங்கு சிறியது.

பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் வழக்குரைஞர் கே. ஆம்ஸ்ட்ராங், 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் தம் வீட்டருகே ஒரு கும்பலால் வெட்டிக் கொல்லப்பட்டார். உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்குக்குப் பின் அவர் உடல் செங்குன்றத்தை அடுத்த பொத்தூரில் அடக்கம் செய்யப்பட்டது. அவரிடம் உரிமத்துடன் துப்பாக்கி இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலை முன்னிட்டு ஒப்படைக்கப்பட்ட அது ஜூன் 13 அன்று அவருக்குத் திருப்பித் தரப்பட்டது என்று அன்றைய மாநகரக் காவல் ஆணையர் தெரிவித்தார். ஆயுதம் கையில் இருந்ததே பாதுகாப்பு இருந்ததற்குச் சான்று என்பதுபோல அந்தத் தகவல் பேசப்பட்டது. உரிமம் கொடுத்ததோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுமானால், காவல்துறையின் உளவுப் பிரிவு எதற்கு?

சட்டமும் முக்கியமான நேரங்களில் ஆயுதத்தை வீட்டில் வைக்கச் சொல்கிறது. உரிமத்தின் நிபந்தனைகளின்படி, தனி அனுமதி இல்லாமல் திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிறுவன வளாகம் ஆகியவற்றுக்குத் துப்பாக்கியுடன் செல்ல முடியாது. நிபந்தனை மீறினால் ஆயுதச் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஒரு தலித் செயற்பாட்டாளரின் வாழ்க்கை முழுவதும் கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும் கல்லூரி அரங்குகளிலுமே கழிகிறது. அவர் மிக வெளிப்படையாக நிற்கும் இடங்கள் அனைத்தும் உறை வெறுமையாக இருக்க வேண்டிய இடங்கள்.

பிறர் இடுப்பில் தெரியும் துப்பாக்கி

இதே விதிகளை மறுபக்கமிருந்து படிக்கலாம். ஊர்த் திருவிழாவில் துப்பாக்கியோடு நிற்பவர், பஞ்சாயத்தில் மேசை மேல் அதை எடுத்து வைத்துவிட்டுப் பேசுபவர், சேரித் தெருவில் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டுபவர், திருமண வீட்டில் வானை நோக்கிச் சுடுபவர் ஆகிய அனைவரும் விதியை மீறுகிறார்கள். கொண்டாட்டத்தில் சுடுவதற்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழி செய்துள்ளது. சாதியைச் சொல்லி ஆயுதத்தைக் காட்டி மிரட்டினால் குற்றமிரட்டல் பிரிவும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(va) பிரிவும் சேரும். சமூக ஊடகத்தில் அவர்களே பதிவேற்றும் படங்களும் காணொளிகளும் சான்றாகும். அழிக்கப்படுவதற்கு முன் நாள், நேரம், முகவரியோடு சேமித்துவிட வேண்டும்.

வலுவான கருவி 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் உள்ளது. மூன்றாம் விதி, வன்கொடுமை நிகழக்கூடும் என்று கருதப்படும் பகுதிகளை மாநில அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது. அப்பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடியினர் அல்லாதோரின் துப்பாக்கி உரிமங்களை, அவர்களின் நெருங்கிய உறவினர், பணியாளர், குடும்ப நண்பர்களின் உரிமங்கள் உட்பட, ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்யலாம். சட்டவிரோதத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பாக அவர்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம். உரிமம் ரத்து, உரிமம் வழங்கல் இரண்டிலும் “தேவையெனக் கருதினால்” என்ற சொற்கள் உள்ளன. அந்தச் சொற்களுக்குள்தான் மூன்று பத்தாண்டுகளாக இவ்விதி உறங்குகிறது. வன்கொடுமை நிகழக்கூடிய ஊர்களின் பட்டியலைக் காவல்துறை வைத்திருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக அது பலமுறை வெளிவந்தும் உள்ளது. அந்த ஊர்களில் எத்தனை உரிமங்கள் ரத்தாயின, எத்தனை உரிமங்கள் தலித்துகளுக்கு வழங்கப்பட்டன என்று மாவட்ட வாரியாகக் கேட்பது கல்லூரி மாணவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய வேலை.

விண்ணப்பம்

அண்ணனூரில் வசிப்பவருக்கு உரிமம் வழங்கும் அதிகாரி ஆவடி மாநகரக் காவல் ஆணையர். 2022 ஜனவரியிலிருந்து அந்த ஆணையரகம் இயங்குகிறது. ஆணையரகம் இல்லாத பகுதிகளில் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பத்தில் மிரட்டலின் விவரத்தை, ஏற்கெனவே கொடுத்த புகார்களின் எண்களோடு எழுத வேண்டும். மூன்றாம் விதியையும், சாட்சிகளையும் பாதிக்கப்பட்டோரையும் காப்பது அரசின் கடமை என்னும் 15அ பிரிவையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். பலரும் அறியாத ஒன்று: போதிய சொத்து இல்லை என்ற காரணத்தால் மட்டும் எவருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது ஆயுதச் சட்டத்தின் 14(2) பிரிவு. சூத்திரரும் தீண்டப்படாதாரும் கிளர்ந்தெழ முடியாமல் போனதற்கு அவர்களுக்குப் படைக்கலம் மறுக்கப்பட்டதும் ஒரு காரணம் என்று அண்ணல் அம்பேத்கர் 1936லேயே எழுதினார். நிலம் வைத்திருப்பவருக்கே துப்பாக்கி என்ற வழக்கம் சட்டத்தில் இன்று இல்லை, அலுவலகங்களில் இருக்கிறது.

மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம். பொதுநலன் கருதி அதைத் தர மறுக்கும் விதிவிலக்கு ஒன்று உண்டு. பின்பு 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் நிலுவை வழக்குகள். மறியல் செய்ததற்கும் தடையை மீறி மாலை போட்டதற்கும் பதிவான வழக்குகள் அவற்றில் பாதிக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றின் தன்மையையும் விளக்கும் தனித்தாள் ஒன்றை விண்ணப்பத்தோடு இணைத்துவிடுவது நல்லது. உள்ளூர்க் காவல் நிலையத்தின் அறிக்கை குறித்த காலத்தில் வராவிட்டால் அதற்காகக் காத்திராமல் முடிவெடுக்க உரிமம் வழங்கும் அதிகாரிக்குச் சட்டமே அதிகாரம் தருகிறது என்பதையும் மனுவில் நினைவூட்டலாம். ஆயுத உரிமம் கேட்பதால் காவல் பாதுகாப்புக் கோரும் உரிமை போய்விடாது. இரண்டையும் தனித்தனி மனுக்களாக, ஒரே நாளில் கொடுத்து ஒப்புகை பெற வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி நோட்டீஸ் வரும். ஒப்படைக்கும் நாளிலேயே, ஆயுதம் இல்லாத அந்த வாரங்களுக்குத் தனிப் பாதுகாவலர் வேண்டும் என்று ஆணையருக்கு எழுதிக் கொடுத்து, ஒப்படைப்பு ரசீதின் நகலை அதோடு இணைக்க வேண்டும். விலக்குப் பெறத் தகுந்த மிரட்டல் இருப்பின் ஆய்வுக் குழுவிடம் அதையும் கேட்கலாம். தேர்தல் முடிந்து திரும்பப் பெறும்போது எண்ணையும் தோட்டாக் கணக்கையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். பல வாரம் கிடங்கில் கிடந்ததைத் துடைத்து, வெறுமையாக்கி, உறையில் மீண்டும் பொருத்தி எடுத்துப் பார்த்த பின்னரே பைக்குள் வைக்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் தோலுறை சுருங்கியோ தளர்ந்தோ இருக்கலாம்.